நகரசபை சொல்வதும் நாம் செய்ய வேண்டியதும்

(மழைக்காலத்தை முன்னிட்டு நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்னும் சில நாட்களில் இடவப்பாதி தொடங்கிவிடும். அது ஓய்ந்ததும் துலாவர்ஷம். ஊரில் ஒரு மழை ஏமாற்றினால் அடுத்த மழையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்போம். இங்கே திருவனந்தபுரத்தில் இரண்டும் வந்து நம் கூரையைத் தட்டுகின்றன.

மழை நெருங்கும்போதெல்லாம் நகரசபையும், கலெக்டர் அலுவலகமும், மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் பொதுமக்களுக்கு அறிவுரை வெளியிடுகின்றன. தாழ்வான இடத்தில் இருப்போர் கவனமாக இருங்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள், முகாமுக்குப் போங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்கிறார்கள். இவற்றில் ஒன்றும் தவறு இல்லை. ஒவ்வொன்றும் அனுபவத்தில் பிறந்த நல்ல புத்திமதி. அவற்றோடு நமக்குச் சண்டை எதுவும் கிடையாது.

ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. அந்த அறிவுரை எந்த மொழியில் வருகிறது? எப்படிப்பட்ட வீட்டை மனதில் வைத்து எழுதப்படுகிறது? வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில் அந்தச் சாக்கடை நீரில் கூலிக்காக இறங்குகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது? இந்த மூன்றையும் மனதில் வைத்து, நகரசபையின் அறிவுரையை நமது சந்துக்கும் நமது பிழைப்புக்கும் ஏற்றபடி நாமே எடுத்துக்கொள்வது எப்படி என்று இன்று பேசுவோம்.

இரண்டு மாதத்தில் இரண்டு வெள்ளம்

2023-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அக்டோபர் 14-ஆம் தேதி இரவு கொட்டத் தொடங்கிய மழை விடியும்வரை நிற்கவில்லை. 15-ஆம் தேதி காலையில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம், தேக்குமூடு, உள்ளூர், கழக்கூட்டம் என்று நகரின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. தோட்டோரம் குடியிருந்தவர்கள் தூக்கத்திலிருந்து எழுந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீர். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

அந்த ஈரம் காய்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை. டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். இங்கே நம் வீடு நனைந்தது. அங்கே நம் பெற்றோர் வீடு மூழ்கியது. இங்கிருந்து போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. பிழைக்க வந்தவனுக்கு வெள்ளம் இரண்டு பக்கமும் அடிக்கும் என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டியது.

இந்த நகரம் ஏன் மூழ்குகிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இது குன்றும் பள்ளமுமான ஊர். குன்றில் விழுகிற நீர் பள்ளத்துக்கு வந்து, தோடுகள் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். ஆமையிழஞ்சான் தோடு நகரின் நடுவே தம்பானூர், பழவங்காடி, தகரப்பறம்பு, வஞ்சியூர், கண்ணம்மூலை வழியாக ஓடி ஆக்குளம் காயலை நோக்கிப் போகிறது. பட்டம் தோடும் உள்ளூர் தோடும் அதே பக்கம்தான் போகின்றன. ஆக்குளத்திலிருந்து வேளி வழியாகக் கடல். வேளியில் பொழிமுகம் மணல் மூடிக் கிடந்தால் நீர் போக வழியில்லாமல் பின்னால் ஏறும். நடுவழியில் தோட்டைச் சுருக்கிக் கட்டிடம் எழுப்பியிருந்தாலும், பிளாஸ்டிக் அடைத்திருந்தாலும் அதே கதிதான். 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் தம்பானூர்ப் பகுதியில் ஆக்கிரமிப்புகளை அகற்றி வடிகால்களைத் திறந்தார்கள். செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு முறை திறந்த வடிகாலை ஆண்டுதோறும் தூர் வாரிப் பாதுகாப்பது யார் பொறுப்பு என்பதுதான் நாம் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி.

எச்சரிக்கை நம் காதுக்கு எட்ட வேண்டும்

முதல் கேள்வி மொழி. வானிலை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தில் வருகிறது. டி.வி.யில் நிறத்தைப் பார்க்கிறோம், பொருளைப் பிடிப்பதில்லை. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 6 முதல் 11 சென்டிமீட்டர் வரை மழை எதிர்பார்த்தால் மஞ்சள். 11-க்கு மேல் 20 வரை என்றால் ஆரஞ்சு. 20-ஐத் தாண்டும் என்றால் சிவப்பு. நம்மைப் போலத் தோட்டோரம் இருப்பவர்கள் சிவப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆரஞ்சு என்று கேட்டதுமே மூட்டை கட்டத் தொடங்க வேண்டும்.

இன்னொரு அறிவிப்பும் முக்கியம். அருவிக்கரை அணையின் ஷட்டரை உயர்த்தப் போகிறோம் என்று சொன்னால் கரமனை ஆற்றில் நீர் ஏறும் என்று அர்த்தம். ஆற்றோரம் இருப்பவர்கள் அன்றிரவு வீட்டில் தூங்கக் கூடாது. மழை இங்கே விட்டிருந்தாலும் மலையில் பெய்வது இரவோடு இரவாக வந்து சேரும்.

பெட்டிமுடியை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறு பக்கத்தில் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயங்களின் மேல் மலை சரிந்தது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் செத்துக் கிடந்ததால், மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குச் செய்தி வந்தது. பேரிடர் வரும் இரவில் முதலில் சாவது போன் என்பது அது கற்றுத் தந்த பாடம். வாட்ஸ்அப்பில் செய்தி வரும் என்று நம்பிப் படுத்துவிடக் கூடாது. ஆள் ஆளிடம் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

மொழி என்பது நாம் கெஞ்சிக் கேட்கும் சலுகை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. கடிதத்துக்கு உள்ள மொழி உயிர் காக்கும் எச்சரிக்கைக்கு வேண்டாமா? தமிழர் அடர்ந்து வாழும் வார்டுகளில் ஒலிபெருக்கி அறிவிப்பு மலையாளத்தோடு தமிழிலும் வர வேண்டும் என்று கவுன்சிலரிடமும் நகரசபைச் செயலாளரிடமும் எழுத்தில் கேட்போம். அது வரும்வரை கைகட்டி நிற்க மாட்டோம். மலையாளம் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் ஒவ்வொரு சந்துக்கும் இரண்டு பேர் பொறுப்பெடுக்கட்டும். அறிவிப்பைப் படித்துத் தமிழில் சொல்வது அவர்கள் வேலை. தமிழும் தெரியாத வடநாட்டுத் தொழிலாளி அடுத்த அறையில் இருந்தால் அவனையும் எழுப்ப வேண்டும். அவனும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவன்தான்.

மழைக்கு முன்

இரண்டாவது கேள்வி வீடு. ‘பொருட்களை மேல்மாடிக்கு மாற்றுங்கள்’ என்கிறது அறிவுரை. மேல்மாடி இல்லாதவன் எங்கே மாற்றுவான்? நமக்கு உள்ளது ஒரு அறை, ஒரு பரண், சுவரில் ஆணி. ஆகவே நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, வாடகைச் சீட்டு ஆகியவற்றை இரண்டு பிளாஸ்டிக் கவரில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டி வையுங்கள். அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது; வீட்டில் எல்லோருக்கும் அந்த இடம் தெரிய வேண்டும். போனில் எல்லாவற்றையும் படம் எடுத்து ஊரில் உள்ள சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

அதோடு ஒரு பை. டார்ச், தீப்பெட்டி, பிஸ்கட், குடிதண்ணீர் பாட்டில், கைக்குழந்தைக்கு வேண்டியது, பெண்களுக்கு மாதத்துக்கு வேண்டியது, முதியவர்கள் தினமும் சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு. மாத்திரைச் சீட்டையும் அதில் போடுங்கள். முகாமுக்கு வரும் டாக்டர் சீட்டைப் பார்த்துத்தான் மறுபடி மாத்திரை தர முடியும்.

ஒவ்வொரு சந்திலும் ஒரு பட்டியல் வேண்டும். தனியாக இருக்கும் பாட்டி யார், நடக்க முடியாதவர் யார், நிறைமாதக் கர்ப்பிணி யார், இரவு ஷிப்டுக்குப் போகும் தகப்பனின் பிள்ளைகள் எந்த வீட்டில் தனியாகத் தூங்குகின்றன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இவர்களை யார் தூக்குவது என்று பெயர் போட்டு முடிவு செய்துவிட வேண்டும். தண்ணீர் ஏறும் நேரத்தில் யோசிக்க நேரம் இருக்காது. 2018 ஆகஸ்டில் கேரளம் முழுவதும் மூழ்கியபோது, பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மீனவத் தொழிலாளர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் முகம் தெரியாத மனிதர்களைக் காப்பாற்றினார்கள். யார் உத்தரவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. அதே நகரத்தில் வாழும் நாம் அடுத்த வீட்டுப் பாட்டியை மறக்கலாமா?

எண்களையும் சுவரில் எழுதி வையுங்கள். அவசரத்துக்கு 112. தீயணைப்புப் படை 101. ஆம்புலன்ஸ் 108. கலெக்டர் அலுவலக அவசரக் கட்டுப்பாட்டு அறை 1077. மின்வாரியம் 1912. உடல்நலம் பற்றிக் கேட்க ‘திஷா’ 1056.

தண்ணீர் ஏறும்போது

வாசலில் தண்ணீர் வந்தவுடனே, கால் நனைவதற்கு முன்பே, மெயின் சுவிட்சை அணையுங்கள். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள். நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவே கூடாது. அறுந்து கிடக்கும் கம்பியைப் பார்த்தால் அருகில் போகாதீர்கள். பிறரையும் விடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

டி.வி.யைத் தூக்கட்டுமா, மிக்சியைத் தூக்கட்டுமா என்று நிற்காதீர்கள். தவணையில் வாங்கிய பொருள், வலிக்கும். ஆனால் முதலில் பிள்ளைகள், முதியவர்கள், காகிதப் பை. இந்த வரிசை மாறக் கூடாது.

ஓடும் தண்ணீர் முழங்காலைத் தொட்டாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். கலங்கிய நீருக்கு அடியில் ஸ்லாப் இல்லாத ஓடை இருக்கும். கட்டாயம் நடக்க வேண்டி வந்தால் கையில் கம்பு வைத்து முன்னால் குத்திப் பார்த்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடங்கள். பிள்ளைகள் வெள்ளத்தைக் கண்டால் விளையாட ஓடும். படம் பிடிக்கிறேன் என்று வாலிபர்கள் பாலத்தில் நிற்பார்கள். இரண்டையும் தடுப்பது பெரியவர்கள் கடமை.

முகாமுக்குப் போகக் கூச்சப்படாதீர்கள். ‘நாம் வெளியூர்க்காரர்கள், நம்மைச் சேர்ப்பார்களா’ என்று நம் குடும்பங்களில் சிலர் தயங்கி, கட்டில் மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்ததை நாம் அறிவோம். முகாம் என்பது வெள்ளத்தில் சிக்கிய மனிதனுக்கு. எந்த மாநிலத்து ரேஷன் கார்டு என்று பார்த்துத் தருவதல்ல. போனதும் குடும்பத்தில் எத்தனை பேர், எந்த விலாசம் என்று பதிவு செய்யுங்கள். பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பின்னால் உதவி கேட்கப் போகும்போது அந்தப் பதிவு நமக்குச் சாட்சி.

தண்ணீர் வடிந்த பின்

வெள்ளத்தில் தப்பியவர்கள் வெள்ளத்துக்குப் பின் படுக்கையில் விழுவது உண்டு. ஆகவே இந்தப் பகுதியைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்புவது பகலில் இருக்கட்டும். முதலில் பெரியவர் ஒருவர் போய்ப் பார்க்கட்டும். சுவர் வெடித்திருக்கிறதா, கேஸ் வாடை அடிக்கிறதா, மூலையில் பாம்பு இருக்கிறதா என்று கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே விஷமுறிவு மருந்து உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நனைந்த மின்சார லைனை ஒயர்மேன் பார்த்த பிறகே மெயினைப் போட வேண்டும்.

சேற்றை அள்ளி, தண்ணீரால் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் பவுடர் கலந்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரைத் தரையில் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ வேறு மருந்தையோ கலக்காதீர்கள். மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். கையில் உறையும் காலில் பூட்சும் இல்லையென்றால் தடித்த பிளாஸ்டிக் பையையாவது கட்டிக்கொண்டு இறங்குங்கள்.

கிணறு உள்ள வளாகத்தில் குடியிருப்பவர்கள் வீட்டுக்காரர் செய்வார் என்று இருந்துவிடாதீர்கள். வெள்ளத்துக்குப் பின் 1,000 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. இரண்டு மீட்டர் அகலமான கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் இருந்தால் அது ஏறத்தாழ 9,400 லிட்டர். அதற்கு 50 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். பவுடரைப் பக்கெட்டில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளியவிட்டு, தெளிந்த நீரை இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றில் இறக்கி, வாளியை மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்பை உள்ளே கொட்டக் கூடாது. அன்று போட்டால் மறுநாள் எடுப்பது நல்லது. அப்போதும் குடிக்கும் நீரைக் கொதித்துப் பொங்கவிட்டு ஆற்றித்தான் குடிக்க வேண்டும். குழாய்த் தண்ணீருக்கும் இதுவே விதி.

தண்ணீர் பட்ட அரிசி, மாவு, காய்கறி எதையும் சமைக்காதீர்கள். பணம் கொடுத்து வாங்கியது என்று வயிறு கேட்காது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். தலைதட்டிய அளவாக இருக்கட்டும். கண் குழி விழுந்தாலும், பிள்ளை துவண்டாலும், மூத்திரம் குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சாக்கடையில் இறங்குகிறவனுக்கு என்ன அறிவுரை?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறோம். தோழர்களே, இதுதான் நம் வயிற்றோடும் உயிரோடும் சம்பந்தப்பட்டது.

‘வெள்ள நீரில் இறங்காதீர்கள்’ என்று அறிவிப்பு சொல்கிறது. வெள்ளம் வடிந்த மறுநாள் கடையைக் கழுவ, ஓடையைக் கிளற, குப்பையை அள்ள, இடிந்த சுவரை அகற்ற ஆள் தேடுகிறார்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள்? நம்மை. சாலை பஜாரில் மூட்டை நனைந்தால் அதைத் தூக்குவது யார்? நாம். நகரம் நம்மிடம் ஒரே நேரத்தில் இறங்காதே என்றும் இறங்கு என்றும் சொல்கிறது.

அந்த நீரில் எலியின் மூத்திரம் கலந்திருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு, கையில் உள்ள கீறல் போதும். எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். துப்புரவுக்குப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை, மூத்திரம் குறைவது – இவைதான் அறிகுறிகள். ‘உடம்பு வலி, வேலைக் களைப்பு’ என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கி மறுநாளும் வேலைக்குப் போகிறோமே, அங்கேதான் உயிர் போகிறது. டாக்டரிடம் போகும்போது ‘நான் வெள்ள நீரில் வேலை செய்தேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் டாக்டருக்குப் பாதி வழி காட்டும்.

வராமல் தடுக்கவும் மருந்து உண்டு. அதன் பெயர் டாக்சிசைக்ளின். அழுக்கு நீரில் வேலை செய்யும் காலமெல்லாம் வளர்ந்தவர்கள் வாரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும் என்று கேரள சுகாதாரத் துறை சொல்கிறது. அரசு ஆஸ்பத்திரியிலும் குடும்ப ஆரோக்கிய நிலையத்திலும் கேட்டு வாங்கலாம். ஆஷா ஒர்க்கரிடமும் சொல்லி வையுங்கள். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், சிறு பிள்ளைகளுக்கும் இந்த மாத்திரை ஆகாது. அவர்களுக்கு வேறு மருந்தை டாக்டர்தான் முடிவு செய்வார். மாத்திரை சாப்பிட்டாகிவிட்டது என்று வெறுங்காலோடு இறங்கவும் கூடாது. பூட்சும் உறையும் மாத்திரையும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

2024 ஜூலை 13-ஆம் தேதி தம்பானூரில் நடந்ததை நாம் மறந்துவிட முடியாது. ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மழைநீர் அடித்துச் சென்றது. மலைபோல் அடைத்துக் கிடந்த குப்பைக்குள் தீயணைப்புப் படையினரும் முக்குளிப்போரும் இரவு பகலாகத் தேடினார்கள். 15-ஆம் தேதி காலையில் தகரப்பறம்பு அருகே உடல் கிடைத்தது. அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பு ரயில்வேக்கா நகரசபைக்கா என்று இரு தரப்பும் வாதாடிக்கொண்டிருந்தன. அவர் மலையாளி, நம் வர்க்கத்தவர். அவர் இறங்கிய நீரில்தான் நாமும் இறங்குகிறோம்.

ஆகவே சங்கம் ஒரு முடிவாகச் சொல்கிறது. மழை எச்சரிக்கை உள்ள நாளில் தோட்டுக்குள் இறங்க வேண்டாம். எந்த நாளிலும் தனியாக இறங்க வேண்டாம். பூட்ஸ், உறை, கயிறு, மேலே நிற்க ஆள் ஆகியவற்றை மேஸ்திரியிடம் முதலில் கேளுங்கள். கூலியைப் பிறகு பேசுங்கள். கழிவுநீர்க் குழாயிலும் செப்டிக் டாங்கிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘நீ மாட்டேன் என்றால் வேறு ஆள் வருவான்’ என்று மேஸ்திரி சொல்வார். அந்த வேறு ஆளும் நம் சங்கத்தில் இருந்தால் அவர் பேச்சு எடுபடாது.

உதவிப் பணமும் காகிதமும்

2018-இல் வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு 10,000 ரூபாய் அவசர உதவி அறிவித்து வங்கிக் கணக்கில் செலுத்தினார்கள். இப்படிப்பட்ட உதவி வரும்போது நம்மவர்கள் பின்னால் நிற்பதற்குக் காரணம் காகிதம்தான். வாடகை வீடு, விலாசச் சான்று ஊரில், கணக்கு மனைவி பெயரில் அங்கே. இதை மழைக்கு முன்பே சரிசெய்ய வேண்டும். வாடகைக்கு ரசீது கேளுங்கள். தர மறுத்தால் கையிலாகக் கொடுக்காமல் கணக்கு வழியாகச் செலுத்துங்கள். அதுவே சாட்சி ஆகும்.

வீட்டைக் கழுவுவதற்கு முன், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படியும், கெட்டுப்போன பொருள் தெரியும்படியும் படம் எடுங்கள். கவுன்சிலருக்கும் வில்லேஜ் ஆபீசுக்கும் மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்க அலுவலகத்தில் எழுதித் தருவோம்.

தமிழ்நாட்டு முன்னுரிமைக் கார்டு உள்ளவர்கள், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தின்படி இங்குள்ள ரேஷன் கடையிலேயே கைரேகை வைத்து அரிசி வாங்க வழி உண்டு. வெள்ளம் வந்து வேலை நின்ற வாரத்தில் அந்த அரிசி பெரிய ஆறுதல். மழைக்கு முன்பே ஒரு முறை கடைக்குப் போய் உங்கள் கார்டு எடுக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

கேட்பதும் செய்வதும்

தோழர்களே! அறிவுரையை நாம் மதிக்கிறோம். ஆனால் அறிவுரையோடு கடமை முடிந்தது என்று நகரசபை இருந்துவிடக் கூடாது. எச்சரிக்கை தமிழிலும் வேண்டும். மழைக்கு முன்பே தோடுகளைத் தூர் வார வேண்டும். அதை இயந்திரத்தால் செய்ய வேண்டும். துப்புரவில் இறங்கும் ஒவ்வொருவருக்கும், நிரந்தரமோ ஒப்பந்தமோ நாள்கூலியோ, பூட்சும் மாத்திரையும் வேலை தொடங்கும் முன் கையில் வர வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவரின் நஷ்டமும் கணக்கில் ஏற வேண்டும். இந்த நான்கையும் எழுதி, உங்கள் கையெழுத்தோடு நகரசபைக்குக் கொண்டு போகப் போகிறோம். வெளியே மேசையில் தாள் இருக்கிறது, போகும்போது கையெழுத்திடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் விரலைப் பதியுங்கள்.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்வோம். தோட்டில் பிளாஸ்டிக் பையைக் கட்டி எறியும் பழக்கம் நம்மிடமும் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. நாம் எறிந்த பை நம் வாசலுக்கே தண்ணீரைத் திருப்பி அனுப்பும். ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் அதைக் கொடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொரு சந்துக்கும் பொறுப்பாளர் இருவர் பெயர், தூக்க வேண்டியவர் பட்டியல், பக்கத்து முகாம் எந்தப் பள்ளி என்ற விவரம் ஆகியவை சங்கத்துக்கு வந்து சேர வேண்டும். கரிமடத்திலிருந்தும் சாலையிலிருந்தும் ராஜாஜி நகரிலிருந்தும் வந்திருப்பவர்கள் இப்போதே முன்னால் வந்து பெயர் கொடுங்கள். இரவில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டால், யாரோ என்று பயந்து போர்வையை இழுத்து மூடாதீர்கள். நம் சந்துப் பிள்ளைதான். எழுந்து, காகிதப் பையை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டையும் தட்டிவிட்டு வாருங்கள்.